அசைநிலை

நாற்பத்தொன்றாம் எண் இரண்டு குப்பிகளில் வந்தது.
ஒன்றில், இடுப்பில் பெல்ட் உரசும் இடத்துப் படை.
இன்னொன்றில், அதே ஆளின் தோளிலிருந்து
ஒன்றும் ஆகாத தோல்.
இரண்டும் சேர்ந்தும் ஓர் உளுந்தளவு இல்லை.

மே மாதம், தரமணி. ஏசியை இருபதில் வைத்தும்
கையுறைக்குள் வியர்க்கிறது.
ஆர்.என்.ஏ.வை அழிக்க அமிலம் வேண்டாம்,
என் விரல் ஈரம் போதும்.
மூச்சைக்கூடக் கொஞ்சம் ஓரமாக விடுகிறேன்.

ஒன்பது வருஷம் அவர் அதைப் படை என்றே நம்பினார்.
தண்டையார்பேட்டை மருந்துக்கடையில்
பேர் கேட்காமலே எடுத்துத் தருவார்களாம் டியூபை.
போட்டால் மங்கும். நிறுத்தினால் திரும்பும்.
காவலுக்கென்று தோலுக்கு வந்த டி-செல்கள்
இடம் பழகி, பிள்ளைகுட்டியோடு
தங்கிவிட்டது யாருக்குத் தெரியும்?
மூன்றாம் முறை வெட்டியெடுத்துப் பார்த்தபின்தான்
லிம்போமா என்று எழுதினார்கள்.

இரண்டு குப்பியிலும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள்.
எதை உரக்கப் படிக்கிறது, எதை முணுமுணுக்கிறது,
வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான்.
திரையில் சிவப்பு ஏறுகிறது, பச்சை இறங்குகிறது.
என் கண் போய் நிற்பது வேறொரு வரிசையில்:
நீள நீளமான படிகள், ஆயிரக்கணக்கில் எழுத்து,
ஒரு புரதமும் தராதவை.
நான் படித்த காலத்தில் குப்பை என்று பேர்.
செய்யுளில் அடி நிரப்ப வந்த அசை மாதிரி,
பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போனோம்.

ஆனால் தமிழ் பேசுகிற யாருக்கும் தெரியும்,
தனியே நின்றால் ஒன்றுமில்லாதது
ஒட்டிக்கொண்டால் என்ன செய்யும் என்று.
ரிப்போர்ட் வந்தது.
ரிப்போர்ட் வந்ததா.
ரிப்போர்ட் வந்ததாம்.
ரிப்போர்ட்டும் வந்தது.
தேசப்பனின் மனைவி ஒரே காலையில்
போனில் நான்கையும் சொல்லி முடித்தார்.

வாரம் மூன்று நாள் புறஊதா ஒளிப்பெட்டிக்குள் நிற்கிறார்.
அன்று மூக்கில் கண்ணாடி பதிந்த தடத்தோடு
இன்னொரு கையெழுத்துக்காக மாடியேறி வந்தார்.
"இன்னாம்மா தேடற அதுல?"
தெரிந்தவரை சொன்னேன்:
அது தானாக ஒன்றும் செய்துதராது, பக்கத்தில் நிற்கும்.
நின்றால் ஒரு ஜீன் குரல் எழுப்பும்,
இன்னொன்று வாய் மூடும்.
சிரித்துவிட்டார். காசிமேட்டில் ஏலம் விடுபவர்.
"நானு கடலுக்குப் போவறது இல்ல.
மீனு என்னுது இல்ல. வாங்கறதும் நான் இல்ல.
ஆனா நான் வாயத் தொறக்கலன்னா
கூடை நின்ன எடத்துலயே நிக்கும்."

இதை எந்த அறிக்கையில் சேர்ப்பது?
சேர்க்கக்கூடியது இவ்வளவே:
பதினாறு பேரில் பதினொருவரிடம்
அந்த ஒரு படி கூடியிருக்கிறது.
கூடியதால் நோயா, நோயால் கூடியதா,
தெரியாது.
கத்தியதால் விலை ஏறியதா,
ஏறுவதைப் பார்த்துக் கத்தினாரா?
இன்னும் அறுபது குப்பி வேண்டும் என்கிறார் மேடம்.
அறுபது இடுப்பு, அறுபது தோள்.

வெள்ளிக்கிழமை செக்யூரிட்டியிடம்
தினத்தாளில் சுற்றிய இரண்டு சங்கரா மீன் கிடந்தது,
மேலே என் பேர், ஓர் எழுத்துப் பிழையோடு.
உணவுப் பொருள் வைக்காதீர் என்று
லேப் ஃபிரிட்ஜில் ஒட்டியவள் நான்தான்.
உள்ளறையில், மைனஸ் எண்பதில்,
அவருடைய படையும் தோளும்
ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்துக் குழியில்.

மந்தைவெளி வரை பறக்கும் ரயிலில்
மடியில் பொட்டலம் கசிந்துகொண்டே வந்தது.
பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.